ஹைட்ரஜனை மெக்னீசியத்தில் அடைக்க முடியுமா? வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஹைட்ரஜனைச் சேமிக்கும் வழிகளைப் பற்றி எழுதியபோது மெக்னீசியத்துக்கு ஒரே ஒரு பத்திதான் ஒதுக்கினேன். வந்த கடிதங்களில் பெரும்பாதி அந்தப் பத்தியைப் பிடித்துக்கொண்டே கேட்டிருந்ததால் இந்த முறை முழுக்க மெக்னீசியம்தான். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: சிலிண்டரில் அடைக்கிறார்கள், திரவமாக்கியும் வைக்கிறார்கள். அப்புறம் எதற்கு ஒரு உலோகத்துக்குள் கொண்டுபோய் ஹைட்ரஜனைத் திணிக்க வேண்டும்?

பதில்: இடம்தான் காரணம். எடையைப் பார்த்தால் ஹைட்ரஜனை மிஞ்ச ஆளில்லை, ஒரு கிலோவில் சுமார் 33 கிலோவாட் மணி ஆற்றல் இருக்கிறது, பெட்ரோலைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஆனால் அந்த ஒரு கிலோவைச் சாதாரண அழுத்தத்தில் வைக்க 11, 12 கன மீட்டர் இடம் கேட்கும். அதனால்தான் 700 பார் வரை, அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 700 மடங்கு, அழுத்துகிறார்கள். அப்படி அழுத்தியும் ஒரு லிட்டருக்கு 40 கிராம்தான் தேறுகிறது, அதற்கே கார்பன் இழை சுற்றிய தடித்த தொட்டி தேவைப்படுகிறது. திரவமாக்கினால் லிட்டருக்கு 71 கிராம். ஆனால் மைனஸ் 253 டிகிரி செல்சியஸுக்குக் குளிரவைக்க ஹைட்ரஜனில் உள்ள ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு வரை செலவாகும், வைத்திருக்கும் நாளெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டும் இருக்கும்.

மெக்னீசியமும் ஹைட்ரஜனும் சேர்ந்து உருவாகும் மெக்னீசியம் ஹைட்ரைடு படிகத்தில் ஒரு லிட்டருக்கு 110 கிராம் ஹைட்ரஜன் இருக்கிறது. திரவ ஹைட்ரஜனைவிட நெருக்கமாக, அதுவும் அறை வெப்பநிலையில், அழுத்தமே இல்லாமல்! எடையில் 7.6 சதவீதம். பொடியாக நிரப்பும்போது இடைவெளி விழும், தொட்டியும் குழாய்களும் இடத்தை எடுத்துக்கொள்ளும், ஆகவே நடைமுறையில் இந்த எண்கள் குறையும். ஆனாலும் தொடக்கப் புள்ளியே இவ்வளவு உயரத்தில் இருப்பதால்தான் பல பத்தாண்டுகளாக ஆராய்ச்சியாளர்கள் இதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

கேள்வி: பஞ்சு தண்ணீரை உறிஞ்சுவது போல உலோகம் ஹைட்ரஜனை உறிஞ்சுகிறது என்று எங்கள் வகுப்பில் சொன்னார்கள். சரியா?

பதில்: முதல் நாள் வகுப்புக்குப் போதும், இரண்டாம் நாளே அதை விட்டுவிட வேண்டும். பஞ்சுக்குள் போனாலும் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். மெக்னீசியத்துக்குள் போகும் ஹைட்ரஜன் ஹைட்ரஜன் வாயுவாக இருப்பதில்லை.

நடப்பது இதுதான். ஹைட்ரஜன் மூலக்கூறு உலோகத்தின் மேற்பரப்பில் வந்து ஒட்டுகிறது, அங்கே இரண்டு அணுக்களாகப் பிரிகிறது, பிரிந்த அணுக்கள் உள்ளே நகர்கின்றன, ஓர் அளவுக்கு மேல் சேர்ந்ததும் அந்த இடத்தில் உலோகத்தின் படிக அமைப்பே மாறி மெக்னீசியம் ஹைட்ரைடு என்ற புதிய சேர்மம் உருவாகிறது. வெள்ளி போல மின்னும் உலோகம் ஒரு வெளிறிய பொடியாக மாறும், மின்சாரம் கடத்தாது, கன அளவு ஏறத்தாழ 30 சதவீதம் கூடிவிடும். உள்ளே போன ஹைட்ரஜனை வெளியே எடுக்க வேண்டுமென்றால் இந்த வேதிப் பிணைப்பை உடைத்தாக வேண்டும். இந்தத் துறையின் எல்லாத் தலைவலிகளும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

ஒவ்வொரு படியிலும் ஒரு தடை இருக்கிறது. மெக்னீசியம் காற்றுப் பட்டவுடனே மெல்லிய ஆக்சைடு தோலைப் போர்த்திக்கொள்ளும், ஹைட்ரஜன் அதைத் தாண்டிச் செல்லத் திணறும். தாண்டினாலும் சுத்தமான மெக்னீசியம் மேற்பரப்புக்கு மூலக்கூறைப் பிரிக்கும் திறன் குறைவு, பலேடியமும் நிக்கலும் அனாயாசமாகச் செய்கிற வேலை அது. பிரிந்து உள்ளே போகத் தொடங்கியதும் துகளின் வெளிப்புறத்தில் முதலில் ஹைட்ரைடு ஓடு உருவாகிவிடுகிறது. அந்த ஓட்டின் வழியே ஹைட்ரஜன் அணுக்கள் மிக மிக மெதுவாகத்தான் ஊர்ந்து போகும் என்பதால், துகள் பெரிதாக இருந்தால் நடுவில் இருக்கும் உலோகம் கடைசிவரை உலோகமாகவே கிடக்கும், எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் 7.6 சதவீதம் வராது.

கேள்வி: இதைக் கண்டுபிடித்தது யார்?

பதில்: உலோகம் ஹைட்ரஜனை உள்ளிழுக்கும் என்பதை 1866இல் பலேடியத்தில் காட்டியவர் தாமஸ் கிரஹாம். மெக்னீசியத்தையும் ஹைட்ரஜனையும் நேரடியாகச் சேர்த்து ஹைட்ரைடு செய்தது ஜெர்மனியில் வைபெர்க் குழு, 1951இல். 570 டிகிரி, 200 மடங்கு வளிமண்டல அழுத்தம், கூடவே வினையூக்கியாக மெக்னீசியம் அயோடைடு என்று அவ்வளவு கெடுபிடி தேவைப்பட்டது. 1968இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் ரைலி, விஸ்வால் இருவரும் மெக்னீசியத்தோடு நிக்கலைச் சேர்த்த உலோகக் கலவையைக் கொண்டுவந்தார்கள். வேகம் கூடியது, 250 டிகிரி பக்கத்திலேயே வாயு வெளியே வந்தது, ஆனால் நிக்கலின் எடையால் கொள்ளளவு 3.6 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. ஒன்றைக் கொடுத்தால்தான் இன்னொன்றைத் தருவேன் என்கிற மெக்னீசியத்தின் குணம் அப்போதே தெரிந்துவிட்டது.

கேள்வி: "புதிய வினையூக்கி சேர்த்த மெக்னீசியம் ஹைட்ரைடு 180 டிகிரியிலேயே ஹைட்ரஜனை விட ஆரம்பித்துவிட்டது" என்ற மாதிரிச் செய்திகளை அடிக்கடி படிக்கிறேன். ஹைட்ரஜனை வெளியே எடுக்க 300 டிகிரி அளவுக்குச் சூடாக்க வேண்டும் என்ற பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மிகவும் மகிழ்ச்சி, ஏனென்றால் இந்தத் துறையைப் பற்றிப் படிப்பவர்கள் அதிகமாகத் தடுக்கி விழும் இடம் இது. நேரடியான பதில்: தீரவில்லை. அந்தச் செய்தி பொய்யென்றும் சொல்லவில்லை. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

ஒரு வினைக்கு இரண்டு கணக்குகள் இருக்கின்றன. எவ்வளவு வேகமாக நடக்கும் என்பது ஒன்று, எவ்வளவு தூரம் நடக்கும் என்பது மற்றொன்று. வினையூக்கி முதல் கணக்கை மட்டும்தான் தொட முடியும். எதுவும் சேர்க்காத சாதாரண மெக்னீசியம் ஹைட்ரைடு சிதைவதற்குக் கிளர்வு ஆற்றல், அதாவது வினை நடக்கத் தாண்ட வேண்டிய தடை, மோலுக்குச் சுமார் 160 கிலோஜூல். நல்ல வினையூக்கி அதைப் பாதிக்கும் கீழே கூட இறக்கிவிடும், அதனால்தான் 180 டிகிரியிலேயே கருவியில் ஹைட்ரஜன் தென்படத் தொடங்குகிறது. ஆனால் ஒரு மோல் ஹைட்ரஜனைப் பிணைப்பிலிருந்து விடுவிக்கத் தேவையான வெப்பம் 75 கிலோஜூல். வினையூக்கி என்னவாக இருந்தாலும் அந்த 75 அப்படியேதான் இருக்கும், அதன் பெயர் எவ்வளவு புதிதாக இருந்தாலும்.

அந்த 75தான் சமநிலை அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. மூடிய பாத்திரத்தில் ஹைட்ரைடை வைத்துச் சூடாக்கினால் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் ஒரு குறிப்பிட்ட அழுத்தம் வரைதான் ஹைட்ரஜன் வெளியே வரும், அதற்கு மேல் ஒரு துளியும் வராது. கணக்குப் போட்டால் 1 பார் கிடைக்கும் இடம் ஏறத்தாழ 280 டிகிரி. 350 டிகிரிக்குப் போனால் 6 பார் அளவுக்கு வரும். 200 டிகிரியில் 0.06 பார். 85 டிகிரியில் ஒரு பாரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அதாவது 200 டிகிரியில் வாயு வருகிறது என்றால், வந்ததை உடனுக்குடன் யாரோ அப்புறப்படுத்திக்கொண்டே இருக்கிறார்கள் என்று பொருள். ஆய்வகத்தில் அது எளிது, ஆர்கான் வாயுவை ஓடவிட்டு அடித்துக்கொண்டு போகலாம், அல்லது வெற்றிட பம்ப் வைத்து இழுக்கலாம். ஆனால் ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஃப்யூயல் செல்லுக்கு ஹைட்ரஜன் குறைந்தது சில பார் அழுத்தத்தில் வந்து சேர வேண்டும், அங்கே யாரும் ஆர்கானை ஓடவிடப்போவதில்லை.

ஆகவே அப்படியொரு செய்தியையோ ஆய்வுக் கட்டுரையையோ பார்த்தால் முதலில் தேட வேண்டியது அழுத்தத்தை. எந்த அழுத்தத்துக்கு எதிராக அந்த ஹைட்ரஜன் வெளியே வந்தது? அடுத்து, 180 என்பது முதல் குமிழி தென்பட்ட வெப்பநிலையா, இல்லை முழுக் கொள்ளளவும் வெளியேறிய வெப்பநிலையா? பெரும்பாலும் முதலாவதாகத்தான் இருக்கும். சதவீதத்தையும் கவனியுங்கள். வினையூக்கி 10 சதவீத எடை சேர்த்திருந்தால் அதையும் பொருளின் எடையில் கூட்டித்தான் கணக்குச் சொல்ல வேண்டும், மெக்னீசியத்தை மட்டும் வைத்து வகுத்தால் எண் அழகாகத் தெரியும், தொட்டிக்குள் போனதும் அந்த அழகு நிற்காது. எத்தனை சுற்று ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள் என்பதும் முக்கியம். பத்துச் சுற்று பார்த்துவிட்டு நீடித்து உழைக்கும் என்று முடிவு எழுதுவதை நான் ஏற்றுக்கொள்வதில்லை.

வினையூக்கி ஆராய்ச்சி வீண் என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். வேகம் இல்லையென்றால் 300 டிகிரியில்கூட இந்தப் பொருள் மணிக்கணக்கில் காக்கவைக்கும், 400ஐ நோக்கித் தள்ளும். அந்தச் சுமையை வினையூக்கிகள் உண்மையிலேயே இறக்கி வைத்துவிட்டன. எஞ்சி நிற்பது வெப்பம்.

கேள்வி: முதுநிலை வேதியியல் படிக்கிறேன். நியோபியம் ஆக்சைடு மிகச் சிறிதளவு சேர்த்தாலே வேகம் பல மடங்கு கூடுகிறது என்று படித்தேன். ஒரு ஆக்சைடு எப்படி இந்த வேலையைச் செய்கிறது?

பதில்: 2003இல் ஜெர்மனியின் கீஸ்டாக்ட் நகரத்து ஆய்வு மையத்தில் பார்கோர்தாரியன், கிளாசன், போர்மான் மூவரும் வெளியிட்ட வேலை அது. ஒரு மோல் சதவீதத்துக்கும் குறைவான அளவு போதுமாக இருந்தது, 300 டிகிரியில் ஏற்றுவதும் இறக்குவதும் நிமிடக் கணக்குக்கு வந்துவிட்டன.

எப்படி என்பதில் இன்றும் ஒரே கருத்து இல்லை, ஆனால் சில விஷயங்கள் தெளிவாகியிருக்கின்றன. நீங்கள் சேர்க்கும் ஆக்சைடு அப்படியே இருப்பதில்லை. மெக்னீசியம் பசி கொண்ட உலோகம், ஆக்சிஜனைக் கண்டால் பிடுங்கிக்கொள்ளும், அதனால் நியோபியம் ஒடுக்கமடைந்து கீழ்நிலை ஆக்சைடுகளாகவும் மெக்னீசியத்தோடு கலந்த ஆக்சைடுகளாகவும் மாறுகிறது. ஹைட்ரஜன் மூலக்கூறு பிரிவதற்கும் சேர்வதற்கும் மேற்பரப்பில் அந்த இடங்கள் வாசலாக உதவுகின்றன. நியோபியம், டைட்டானியம், வனேடியம் போன்ற இடைநிலை உலோகங்கள் பல இணைதிறன் நிலைகளில் ஏறி இறங்க முடிவதால் எலக்ட்ரானைக் கொடுத்து வாங்குவது அவற்றுக்குச் சுலபம். இதற்கு மேல் ஒரு எளிய பயனும் இருக்கிறது: ஆக்சைடு கடினமானது, அரைக்கும்போது மெக்னீசியத் துகள்களைச் சின்னதாக உடைக்கவும் மீண்டும் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கவும் உதவுகிறது.

அரைப்பது பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கட்டுரைகளில் ஒரே வரியில் கடந்துவிடுவார்கள், வேலையில் பாதி அங்கேதான் நடக்கிறது. எஃகு ஜாடி, உள்ளே எஃகுக் குண்டுகள், ஹைட்ரைடுப் பொடி, வினையூக்கி, காற்றுப் புகாமல் ஆர்கானோ ஹைட்ரஜனோ நிரப்பி மூடி மணிக்கணக்கில் சுழற்றுவார்கள். குண்டுகள் மோதும் ஒவ்வொரு முறையும் துகள் நசுங்குகிறது, உடைகிறது, படிகத்தில் குறைபாடுகள் விழுகின்றன, புதிய மேற்பரப்பு திறக்கிறது. நிரப்புவதும் எடுப்பதும் கையுறைப் பெட்டிக்குள்தான். ஜாடியின் எஃகிலிருந்து இரும்பு பொடியில் கலந்துவிடும், அதுவும் ஒரு வினையூக்கிதான்! நீங்கள் சேர்த்த பொருளின் புகழில் ஒரு பங்கு ஜாடிக்குப் போக வேண்டியதாக இருக்கலாம். எதுவும் சேர்க்காத ஹைட்ரைடை அதே ஜாடியில், அதே நேரம், அதே குண்டுகளோடு அரைத்து ஒப்பிட்டுப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

கேள்வி: வினையூக்கியால் அந்த 75ஐ அசைக்க முடியாது என்கிறீர்கள். வேறு எதனாலும் முடியாதா?

பதில்: முடியும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு. கார்களுக்கான இலக்கின் உச்ச வரம்பான 85 டிகிரியில் 1 பார் வேண்டுமென்றால் அந்த வெப்பம் 48 கிலோஜூல் அளவுக்கு இறங்க வேண்டும், குறி அங்கே இருக்கிறது.

ஒரு வழி உலோகக் கலவை. நிக்கல் சேர்த்தால் 64க்கு வருகிறது, கொள்ளளவு பாதியாகிறது என்பதை மேலே பார்த்தோம். இன்னொரு வழி, ஹைட்ரஜன் வெளியேறிய பிறகு மெக்னீசியத்தை வெறுமனே விடாமல் இன்னொன்றோடு சேரவைப்பது. சிலிக்கனோடு சேர்ந்து மெக்னீசியம் சிலிசைடு உருவாகும்படி 2004இல் செய்து காட்டினார்கள், தேவைப்படும் வெப்பம் 40க்கும் கீழே போனது, காகிதத்தில் அற்புதம். ஆனால் சிலிசைடு தன் நிலையில் மிகவும் திருப்தியாக இருப்பதால் மறுபடி ஹைட்ரஜனை ஏற்ற முடியவில்லை. போகும் பாதையைச் சுலபமாக்கினால் திரும்பும் பாதை கடினமாகிறது. லித்தியம் போரோஹைட்ரைடுடன் மெக்னீசியம் ஹைட்ரைடைச் சேர்க்கும் கலவை 11 சதவீதத்துக்கு மேல் ஹைட்ரஜன் தாங்கும், திரும்பவும் ஏற்றலாம், ஆனால் வேகமும் வெப்பநிலையும் இன்னும் பாடாய்ப் படுத்துகின்றன.

மூன்றாவது வழி அளவைக் குறைப்பது. 2005இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகக் குழு செய்த கணிப்பின்படி 0.9 நானோமீட்டர் அளவுள்ள ஹைட்ரைடு 200 டிகிரியிலேயே சிதைய வேண்டும். 0.9 நானோமீட்டர் என்றால் சுமார் ஒரு டஜன் மெக்னீசியம் அணுக்கள்! அதைச் செய்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் காப்பாற்ற ஒரு கார்பன் சட்டகம் வேண்டும், அந்தச் சட்டகத்தின் எடை ஹைட்ரஜன் சதவீதத்தைத் தின்றுவிடும். 2011இல் பெர்க்லி ஆய்வகத்தில் மெக்னீசிய நானோ படிகங்களை அக்ரிலிக் பாலிமருக்குள் பொதிந்து வைத்தார்கள், ஹைட்ரஜன் மட்டும் உள்ளே போகும், ஆக்சிஜனும் ஈரமும் தடுக்கப்படும். வெப்பக் கணக்கை அது மாற்றவில்லை, ஆனால் காற்றுக்குப் பயப்படாத மெக்னீசியம் என்பதே எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

கேள்வி: மெக்னீசியம் தொட்டி வைத்த கார் வருமா வராதா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

பதில்: இன்று தெரிந்த பொருள்களை வைத்து வராது என்றே நினைக்கிறேன்.

5 கிலோ ஹைட்ரஜனுக்கு 66 கிலோ மெக்னீசியம் ஹைட்ரைடு போதும், அதில் பிரச்சினை இல்லை. நிரப்பும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள். இறக்குவதற்கு வெப்பம் கொடுக்க வேண்டும் என்றால் ஏற்றும்போது அதே வெப்பம் வெளியே வரும். 5 கிலோவுக்கு அது சுமார் 190 மெகாஜூல். ஐந்து நிமிடத்தில் நிரப்ப வேண்டுமென்றால் அந்த ஐந்து நிமிடமும் 600 கிலோவாட்டுக்கு மேல் வெப்பத்தைத் தொட்டியிலிருந்து அகற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அகற்றாவிட்டால் பொடி சூடேறி, சமநிலை அழுத்தம் ஏறி, ஹைட்ரஜன் உள்ளே போவதே நின்றுவிடும். இதில் ஹைட்ரைடுப் பொடி வெப்பத்தை மிக மோசமாகக் கடத்துகிற பொருள் வேறு.

ஓட்டும்போது இதற்கு நேர்மாறு. கார்களில் இருக்கும் ஃப்யூயல் செல் 80 டிகிரி அளவில் இயங்குகிறது, அதன் கழிவு வெப்பத்தால் 300 டிகிரித் தொட்டியைச் சூடாக்க முடியாது. ஹைட்ரஜனில் ஒரு பகுதியை எரித்துத்தான் மீதியை வெளியே எடுக்க வேண்டும். ஒரு மோல் ஹைட்ரஜன் எரிந்தால் கிடைப்பது 242 கிலோஜூல், அதில் 75 இதற்கே போய்விடுகிறது, முப்பது சதவீதத்துக்கு மேல். அமெரிக்க எரிசக்தித் துறை கார்களுக்கு வைத்திருக்கும் இலக்கில் ஹைட்ரஜன் வந்து சேரும் வெப்பநிலை மைனஸ் 40 முதல் 85 டிகிரி வரை. மெக்னீசியம் அந்த எல்லைக்கு வெளியே நிற்கிறது.

கேள்வி: அப்படியானால் எங்கேதான் பயன்படும்?

பதில்: அசையாமல் ஒரே இடத்தில் இருக்கும், பக்கத்திலேயே 300 டிகிரிக்கு மேல் வெப்பம் கிடைக்கும் இடங்களில். 600, 700 டிகிரியில் இயங்கும் திட ஆக்சைடு ஃப்யூயல் செல் ஒரு நல்ல ஜோடி, அது வெளியே விடும் வெப்பமே தொட்டியைச் சூடாக்கிவிடும். உருக்காலை, கண்ணாடி உலை போன்ற இடங்களிலும் வெப்பம் வீணாகப் போய்க்கொண்டிருக்கிறது.

பிரான்சில் கிரெனோபிள் ஆய்வாளர்களின் வேலையை வைத்து மெக்ஃபை நிறுவனம் செய்த தொட்டி எனக்கு மிகவும் பிடித்தது. மெக்னீசியம் ஹைட்ரைடோடு விரிவாக்கப்பட்ட கிராஃபைட்டைக் கலந்து வட்டத் தட்டுகளாக அழுத்திவிட்டார்கள், பொடியின் வெப்பக் கடத்தல் பிரச்சினை அங்கேயே பெரிதும் குறைந்துவிட்டது. இந்த அடுக்கைச் சுற்றி 340 டிகிரி அருகே உருகும் மெக்னீசியம்-துத்தநாகக் கலவை. ஹைட்ரஜன் ஏறும்போது வரும் வெப்பம் அந்தக் கலவையை உருக்கும், ஹைட்ரஜனை எடுக்கும்போது கலவை உறைந்து அதே வெப்பத்தைத் திருப்பித் தரும். 75 கிலோஜூலைக் குறைக்க யாரும் மெனக்கெடவில்லை, அதைத் தொலைக்காமல் வைத்துக்கொள்ள வழி பார்த்தார்கள். இந்தத் துறைக்கு இன்னும் நிறையத் தேவைப்படுவது இந்த மாதிரி யோசனைதான் என்பது என் உறுதியான கருத்து.

ஹைட்ரஜனை ஓரிடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோவதிலும் வாய்ப்பு இருக்கிறது. 2023இல் ஷாங்காய் ஜியாவ் தோங் பல்கலைக்கழகத்தின் பங்களிப்போடு ஒரு டன் அளவு ஹைட்ரஜனை மெக்னீசியக் கலவையில் சுமக்கும் லாரி டிரெய்லரைக் காட்டினார்கள். போகும் வழியெங்கும் அழுத்தம் இல்லை, குளிர்விக்க வேண்டியதில்லை. இறங்கும் இடத்தில் சூடாக்க வசதி வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: சூடாக்குவதற்குப் பதில் தண்ணீர் ஊற்றினால் ஹைட்ரஜன் வருமாமே? ஜெர்மனியில் பசை மாதிரி ஒன்று செய்திருக்கிறார்களாம்.

பதில்: வரும், தாராளமாக வரும். மெக்னீசியம் ஹைட்ரைடு தண்ணீரோடு வினைபுரிந்தால் தன்னிடம் உள்ள ஹைட்ரஜனோடு தண்ணீரில் உள்ளதையும் சேர்த்துத் தருகிறது, அதனால் ஹைட்ரைடின் எடையில் 15 சதவீதம் வரை கிடைக்கும். தண்ணீரையும் கூடவே தூக்கிக்கொண்டு போவதாக இருந்தால் 6.5 சதவீதம். வெறும் பொடியில் தண்ணீர் ஊற்றினால் மெக்னீசியம் ஹைட்ராக்சைடு படலம் மேலே படிந்து கொஞ்ச நேரத்தில் வினையை அமுக்கிவிடும். டிரெஸ்டனில் உள்ள ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனம் ஹைட்ரைடோடு எஸ்டரும் உலோக உப்பும் சேர்த்துச் செய்த பசையைத்தான் நீங்கள் கேள்விப்பட்டிருக்கிறீர்கள், பவர்பேஸ்ட் என்று பெயர், 2021இல் பரவலாகப் பேசப்பட்டது. சின்ன வாகனங்கள், டிரோன்கள், தொலைதூரக் கருவிகள் இவற்றுக்கு அது நல்ல யோசனை.

ஆனால் இது ஒருவழிப் பாதை. மிஞ்சுவது மெக்னீசியம் ஹைட்ராக்சைடு, அதைத் திரும்ப உலோகமாக்குவது தாதுவிலிருந்து புதிதாக உலோகம் எடுப்பதற்கு ஏறக்குறைய சமமான உழைப்பு. மறுபடி நிரப்பும் தொட்டி என்று இதைச் சொல்ல முடியாது.

கேள்வி: மெக்னீசியம் பொடி தீப்பிடிக்குமே, இதைப் போய்ப் பாதுகாப்பானது என்கிறார்களே?

பதில்: நுண்ணிய பொடி பயங்கரமாக எரியும், அதை மறைக்கக் கூடாது. எரியும் மெக்னீசியத்தின் மேல் தண்ணீரோ கார்பன் டை ஆக்சைடோ அடித்தால் தீ மேலும் மூளும், உலர்ந்த மணல் அல்லது உலோகத் தீக்கான தனிப் பொடிதான் போட வேண்டும். அதே பொருளைத் தட்டாக அழுத்தி மூடிய தொட்டியில் வைத்தால் நிலைமை வேறு. தொட்டியில் ஓட்டை விழுந்தாலும் 700 பார் வாயு ஒரே நொடியில் சீறி வருவது போல எதுவும் நடக்காது, வெப்பம் கொடுத்தால்தான் ஹைட்ரஜன் வெளியே வரும், வெளியே வரும்போது பொருள் தானாகவே குளிர்ந்து வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பாதுகாப்பு என்று சொல்வது இந்தக் குணத்தைத்தான். ஆய்வகத்தில் பொடியோடு வேலை செய்பவர்கள் அந்தச் சொல்லை நம்பி அசட்டையாக இருந்துவிடக் கூடாது.

கேள்வி: மெக்னீசியம் நிறையக் கிடைக்குமா?

பதில்: பூமியின் மேலோட்டில் எடையில் 2 சதவீதத்துக்குச் சற்று மேல், கடல்நீரில் லிட்டருக்கு 1.3 கிராம். தட்டுப்பாடு வராது. ஆனால் உலகின் மெக்னீசிய உற்பத்தியில் மிகப் பெரும் பகுதி ஒரே நாட்டில், சீனாவில், அதுவும் டோலமைட்டை ஃபெரோசிலிக்கனோடு 1200 டிகிரி அளவில் சூடாக்கும் பிஜன் முறையில் நடக்கிறது. அதற்கு நிறைய நிலக்கரி எரிகிறது. சுத்தமான எரிபொருளுக்குத் தொட்டி செய்கிறோம் என்றால் அந்தத் தொட்டியின் உலோகம் எப்படி வந்தது என்றும் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆயிரக்கணக்கான சுற்றுகள் அதே மெக்னீசியம் உழைத்தால் அந்தக் கடன் அடையும்.

கேள்வி: ஆராய்ச்சிக்குச் சேரப்போகிறேன். இந்தத் துறையில் எதை எடுத்தால் பயனிருக்கும்?

பதில்: இன்னொரு வினையூக்கியைத் தேடிப் போகாதீர்கள் என்பதே என் விருப்பம். ஆக்சைடு, ஃபுளோரைடு, கிராஃபீன், எம்க்சீன் என்று பட்டியல் ஏற்கெனவே நீண்டு கிடக்கிறது, 300 டிகிரியில் வேகம் போதும் என்ற நிலைக்கு வந்து வெகுகாலம் ஆகிறது. ஆட்கள் குறைவாக இருக்கும் இடங்கள் வேறு. நூற்றுக்கணக்கான சுற்றுகளுக்குப் பிறகு படிகங்கள் வளர்ந்து பெரிதாவதை எப்படித் தடுப்பது, ஒவ்வொரு சுற்றிலும் 30 சதவீதம் வீங்கிச் சுருங்கும் தட்டு நொறுங்காமல் இருக்க என்ன சேர்ப்பது, ஹைட்ரஜனில் ஈரமோ ஆக்சிஜனோ சிறிதளவு கலந்திருந்தால் கொள்ளளவு எவ்வளவு வேகமாக விழும், குப்பையில் போகும் மெக்னீசியத் துருவலை இதற்குப் பயன்படுத்த முடியுமா. இவையெல்லாம் கிராம் அளவில் பதில் சொல்ல முடியாத கேள்விகள், கிலோ அளவில் வேலை செய்யும் ஆய்வகமாகப் பார்த்துச் சேருங்கள்.

கொள்ளளவை அளக்கும் சீவெர்ட்ஸ் கருவியை நீங்களே பிரித்துப் பூட்டக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு வால்வில் மெல்லிய கசிவு இருந்தாலோ, குழாயின் ஒரு பகுதி சூடாகவும் மறு பகுதி அறை வெப்பநிலையிலும் இருப்பதைக் கணக்கில் எடுக்காவிட்டாலோ, கருவி உங்களுக்கு இல்லாத ஹைட்ரஜனை இருப்பதாகக் காட்டும். 7.6ஐத் தாண்டி ஒரு எண் வந்தால் முதலில் கருவியைச் சந்தேகியுங்கள்.

கேள்வி: ஹைட்ரஜனை விட்டுத்தள்ளுங்கள். ஏறும்போது அவ்வளவு வெப்பம் வருகிறதென்றால் வெப்பத்தைச் சேமிக்கவே மெக்னீசியத்தைப் பயன்படுத்தலாமே?

பதில்: அருமையான கேள்வி, இதைச் செய்தும் பார்த்திருக்கிறார்கள். ஜெர்மனியின் மூல்ஹைம் நகரில் மேக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் போக்தனோவிச் குழு பல ஆண்டுகள் இதற்காகவே உழைத்தது. பகலில் சூரிய வெப்பத்தைக் குவித்து ஹைட்ரைடைச் சிதைக்க வேண்டும், வெளியேறும் ஹைட்ரஜனைப் பக்கத்தில் ஒரு தொட்டியிலோ, குறைந்த வெப்பநிலையில் வேலை செய்யும் வேறொரு ஹைட்ரைடிலோ பிடித்து வைக்க வேண்டும். இரவில் அதைத் திருப்பி மெக்னீசியத்துக்குள் விட்டால் 300, 400 டிகிரியில் வெப்பம் கிடைக்கும். ஹைட்ரஜன் இங்கே எரிவதே இல்லை, போய் வந்துகொண்டு மட்டும் இருக்கும். ஒரு கிலோ மெக்னீசியத்துக்குச் சுமார் 0.85 கிலோவாட் மணி வெப்பம். சூரிய வெப்ப நிலையங்களில் இப்போது பயன்படும் உருகிய உப்பு நூறு டிகிரி வெப்பநிலை வித்தியாசத்துக்கு ஒரு கிலோவில் பிடித்து வைப்பது சுமார் 0.04 கிலோவாட் மணிதான். தொட்டி, குழாய், ஹைட்ரஜனை வைக்கும் இடம் எல்லாவற்றையும் சேர்த்தால் இந்த இடைவெளி நிறையச் சுருங்கும், சுருங்கியும் மிச்சம் இருக்கும். உப்பைக் குளிராமல் காக்க வேண்டும், ஹைட்ரஜனைப் பிரித்து வைத்துவிட்டால் மெக்னீசியம் எத்தனை நாள் குளிர்ந்து கிடந்தாலும் சேமித்த வெப்பம் குறையாது. தொடங்குவதற்கு மட்டும் அதைக் கொஞ்சம் சூடேற்றித் தர வேண்டியிருக்கும்.